மாத்திரைக்கு முகவரி தெரியாது

சளிக்காலம் வந்தால் எங்கள் மருந்துக்கடையில் ஒரு கேள்வி தவறாமல் எழும். கேட்பவர் பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய ஆணாகவும், ரங்கூன் மொகல் தெருவிலோ அதை ஒட்டிய சந்துகளிலோ குடியிருப்பவராகவும் இருப்பார். முந்தைய நாள் இரவு மூக்கொழுகலுக்கென்று ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்திருப்பார். விடியும்போது மூக்கு நின்றிருக்கும், கூடவே சிறுநீரும் நின்றிருக்கும். அடிவயிறு இறுகி, நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், மகனையோ மருமகனையோ கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்து, "மூக்குக்குத்தானே தம்பி மருந்து வாங்கினேன், அது எதுக்கு அங்க போய் அடைக்குது?" என்று கேட்பார்.

அந்த நேரத்தில் நின்று விளக்கம் சொல்ல முடியாது. மருத்துவமனையில் குழாய் விட்டுச் சிறுநீரை இறக்கினால்தான் அவருக்கு உயிர் திரும்பும். அனுப்பி வைப்பதுதான் முதல் வேலை. ஆனால் அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. தானியங்கு நரம்பு மண்டலத்தின்மீது செயல்படும் மருந்துகள் அனைத்தையும் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே விளங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. நான் மருந்தாளுநன், மருத்துவன் அல்லன். மருந்தை நிறுத்தவோ மாற்றவோ யாருக்கும் இங்கே நான் சொல்லப் போவதில்லை. விழுங்கிய மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது என்பதை மட்டும் சாவகாசமாக எழுதுகிறேன்.

நம் விருப்பத்தைக் கேளாமல் உடல் தானே நடத்திக்கொள்ளும் காரியங்கள் பல. இதயம் துடிப்பது, கண்மணி சுருங்கி விரிவது, உமிழ்நீர் ஊறுவது, குடல் அசைவது, மூச்சுக்குழல் இறுகித் தளர்வது, வியர்ப்பது, சிறுநீர்ப்பை நிறைந்து காலியாவது ஆகிய எல்லாம் அந்த வகை. இவற்றை நடத்தும் நரம்புகளின் தொகுதிக்குத் தானியங்கு நரம்பு மண்டலம் என்று 1898இல் கேம்பிரிட்ஜ் உடலியலாளர் ஜான் நியூபோர்ட் லாங்லி பெயர் சூட்டினார். அதில் பரிவு நரம்பு மண்டலம் என்ற பிரிவு தண்டுவடத்தின் மார்புப் பகுதியிலிருந்தும் இடுப்பின் மேற்பகுதியிலிருந்தும் கிளம்புகிறது. எதிர்ப்பரிவு என்ற பிரிவு மூளைத்தண்டிலிருந்தும் தண்டுவடத்தின் அடிப்பகுதியிலிருந்தும் கிளம்புகிறது. நாய் துரத்தும்போது உடலை ஓட்டத்துக்குத் தயார் செய்வது முதலாவது; உண்டு முடித்துச் சாய்ந்திருக்கும்போது செரிமானத்தைப் பார்த்துக்கொள்வது இரண்டாவது.

பள்ளிப் புத்தகம் இதோடு நின்றுவிடும். மருந்து விற்பவனுக்கு இதற்கு அடுத்த செய்திதான் முக்கியம். இத்தனை உறுப்புகளுக்கும் கட்டளை கொண்டுபோக உடல் தனித்தனி வேதிப்பொருள் வைத்திருக்கவில்லை. எதிர்ப்பரிவு நரம்புகளின் கடைசி முனையில் அசிட்டைல்கோலின் சுரக்கிறது, பரிவு நரம்புகளின் கடைசி முனையில் பெரும்பாலும் நார்அட்ரினலின் சுரக்கிறது. பெரிய கணக்கில் இவ்வளவுதான். எங்கள் பகுதியில் உள்ள வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்களில், மூன்றாம் மாடியில் மின்விசிறிக்கான சுவிட்சைத் தட்டினால் மாடிப்படி விளக்கும் பக்கத்து வீட்டுக் குளியலறை விளக்கும் சேர்ந்து எரியும். நம் உடலின் இணைப்பும் ஏறக்குறைய அந்த ரகம்தான். விழுங்கிய மாத்திரை குடலில் கரைந்து இரத்தத்தில் கலந்தபின், தனக்குரிய ஏற்பி (வேதிப்பொருள் வந்து பொருந்துவதற்கு உயிரணுவில் இருக்கும் இடம்) எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் போய் உட்கார்ந்துகொள்கிறது. மூக்குக்கு என்று அட்டையில் அச்சிட்டிருப்பது அதற்குத் தெரியாது.

பெரியவரின் சளி மாத்திரையைப் பிரித்துப் பார்த்தால் அதில் பெரும்பாலும் பாராசிட்டமாலோடு குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் இருக்கும். குளோர்ஃபெனிரமின், ஒவ்வாமையில் மூக்கை ஒழுகவைக்கும் ஹிஸ்டமினைத் தடுப்பதற்காகச் சேர்க்கப்பட்ட பழைய சரக்கு. போகிற போக்கில் அது அசிட்டைல்கோலினின் ஏற்பிகளையும் அடைத்துவிடுகிறது. மூக்கில் நீர் வற்றுவதற்கும் வாய் உலர்வதற்கும் இந்த அடைப்பும் ஒரு காரணம். சிறுநீர்ப்பையின் தசை சுருங்கிச் சிறுநீரை வெளியே தள்ளுவதும் அசிட்டைல்கோலினால்தான் என்பதால், அங்கே தள்ளும் வலு குறைகிறது. ஃபினைலெஃப்ரின் செய்வது வேறு. அது நார்அட்ரினலினைப் போல நடித்து இரத்தக்குழாய்களை இறுக்குகிறது; அதே வகை ஏற்பி சிறுநீர்ப்பையின் வாயிலும் புராஸ்டேட் சுரப்பியின் தசையிலும் இருப்பதால் அந்த வாயிலையும் இறுக்கக்கூடியது. வயதினால் புராஸ்டேட் ஏற்கனவே வீங்கியிருப்பவருக்குத் தள்ளும் வலு குறைந்து வாயிலும் நெருக்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. என் கணிப்பில் இங்கே குற்றவாளி பெரும்பாலும் குளோர்ஃபெனிரமின்தான். விழுங்கிய ஃபினைலெஃப்ரினில் பெரும்பகுதி குடல் சுவரிலேயே சிதைந்துவிடுகிறது. 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆலோசனைக் குழு, வாய்வழி ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்புக்குப் பயன் தருவதில்லை என்று ஒருமனதாக முடிவு சொன்னது. ஆனாலும் அது இன்னும் பாதிச் சளி மாத்திரைகளில் குந்திக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த மண்டலத்தின் கம்பி இணைப்புகளை முதலில் தடவிக் கண்டுபிடிக்க உதவியது புகையிலை என்பதைச் சுருட்டுக்குப் பேர்போன நாட்டில் இருந்துகொண்டு சொல்லாமல் விடக் கூடாது. மூளையிலிருந்தோ தண்டுவடத்திலிருந்தோ வரும் நரம்பு நேரே உறுப்புக்குப் போவதில்லை. வழியில் ஒரு நரம்பு முடிச்சில் நின்று, அங்கே இன்னொரு நரம்பணுவுக்குச் செய்தியைக் கைமாற்றுகிறது. 1889இல் லாங்லியும் டிக்கின்சனும் விலங்குகளின் நரம்பு முடிச்சுகள்மேல் நிகோட்டினைத் தூரிகையால் பூசினார்கள். பூசிய முடிச்சில் செய்தி நின்றுபோயிற்று. வெறுமனே கடந்துபோகும் நரம்புகளில் நிற்கவில்லை. எந்த நரம்பு எந்த முடிச்சில் கைமாறுகிறது என்று இப்படி ஒவ்வொன்றாகப் பூசிப் பூசி வரைபடம் போட்டார்கள். பரிவு, எதிர்ப்பரிவு ஆகிய இரண்டின் முடிச்சுகளிலும் செய்தியைக் கைமாற்றுவது ஒரே அசிட்டைல்கோலின் என்பதால் நிகோட்டின் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் தொடுகிறது. காலையில் ஒரு சுருட்டைப் பற்ற வைத்ததும் இதயம் படபடப்பதும் வயிறு கலக்குவதும் ஒரே நேரத்தில் நிகழ்வது அதனால்தான்.

நரம்பு முனையிலிருந்து வேதிப்பொருள் சுரக்கிறது என்பதே 1921 வரை நிரூபணமாகாத செய்தி. நரம்பும் உறுப்பும் மின்சாரத்தால்தான் பேசிக்கொள்கின்றன என்று பலர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஒட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்து உப்புக்கரைசலில் துடிக்க வைத்தார். ஒன்றில், இதயத்துக்குப் போகும் எதிர்ப்பரிவு நரம்பான வேகஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நரம்பைத் தூண்டியதும் துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தை நனைத்திருந்த கரைசலை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாவது இதயத்தில் விட்டார், அதுவும் மெதுவானது. நரம்பு எதையோ கரைசலில் விட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டியதில்லை. அந்த எதையோ அசிட்டைல்கோலின் என்பது பின்னர் உறுதியானது. 1936இல் லோவிக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது. டேல் 1914இலேயே, அசிட்டைல்கோலினின் செயல்களில் ஒரு பகுதி காளானிலிருந்து எடுக்கும் மஸ்கரினைப் போலவும் மறுபகுதி நிகோட்டினைப் போலவும் இருப்பதைப் பிரித்துக் காட்டியிருந்தார். உறுப்புகளில் இருப்பவை மஸ்கரின் வகை ஏற்பிகள், முடிச்சுகளில் இருப்பவை நிகோட்டின் வகை ஏற்பிகள் என்று இன்றும் நாம் பாகுபடுத்துவது அந்த வழியில்தான். பரிவுப் பக்கத்தில் இதே வேலையை 1948இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் செய்தார்; ஆல்ஃபா, பீட்டா என்று ஏற்பிகளை அவர் இரண்டாகப் பிரித்தபோது பல வருடங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. அதைப் பொருட்படுத்திய ஜேம்ஸ் பிளாக் 1960களில் பீட்டா ஏற்பியை அடைக்கும் புரோப்ரனலோலை உருவாக்கினார். 1988இல் அவருக்கும் நோபல் பரிசு வந்தது.

மஸ்கரின் ஏற்பியைக் கண்ணால் பார்க்க ஆய்வுக்கூடம் போக வேண்டாம், எங்கள் கடை வாசலில் இருக்கும் வெற்றிலைக் கடையே போதும். பர்மியர் குன்யா என்று சொல்லும் அந்தச் சுருளை மடிப்பவரின் கைவேகம் பார்க்கத் தக்கது. வெற்றிலைகளை வரிசையாக மல்லாத்திப் பரப்பி, நீர்த்த சுண்ணாம்பைத் தூரிகையால் ஒவ்வொன்றின்மீதும் இழுத்துவிட்டு, சீவிய பாக்கைப் போட்டு, கேட்பவருக்குப் புகையிலையும் ஏலமும் சேர்த்து, மடித்துப் பிளாஸ்டிக் பையில் இட்டு நீட்டுகிறார். அவர் கையால் மடிப்பது ஒழுங்கான மருந்துக் கலவைதான். பாக்கில் உள்ள அரெகோலின் மஸ்கரின் ஏற்பியில் அசிட்டைல்கோலினைப் போலவே பொருந்தி அதை இயக்கிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை அதைக் கன்னத்தின் உட்தோல் வழியே எளிதில் இரத்தத்தில் சேர்த்துவிடும். புகையிலையின் நிகோட்டின் முடிச்சுகளைப் பார்த்துக்கொள்ளும். பழக்கமில்லாதவர் முதன்முதலாகப் போட்டால் எச்சில் பெருகி, முகம் சூடேறி, வியர்த்து, நெஞ்சு அடைப்பதுபோல் ஆகி உட்கார்ந்துவிடுவார். பாக்கு சொருக்கிவிட்டது என்று ஒரு மடக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். அந்தச் சொருக்கு முழுக்க முழுக்கத் தானியங்கு நரம்பு மண்டலத்தின் காரியம்.

பழகியவருக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. ஆனால் மருந்து சாப்பிடுபவராக இருந்தால் கணக்கு மாறும். மூச்சுக்குழலை இறுக்குவதும் மஸ்கரின் ஏற்பியின் வேலையே என்பதால், ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குப் பாக்கு இழுப்பை வரவழைக்கிறது. வாயில் குன்யாவோடு வந்து மூச்சுக்கு மருந்து கேட்பவர்களை நான் பார்க்காத வாரமில்லை. மனச்சிதைவு நோய்க்குத் தரும் சில மருந்துகள் உடலை விறைக்கச் செய்யும் என்பதால், அதைத் தடுக்க அசிட்டைல்கோலினை அடைக்கும் மாத்திரை ஒன்றையும் கூடவே எழுதித் தருவார்கள். பாக்கைத் தாராளமாக மென்ற நோயாளிக்கு அந்தத் தடுப்பு மாத்திரை பலிக்காமல் விறைப்பும் நடுக்கமும் கடுமையாகி, பாக்கை நிறுத்தியதும் சில நாட்களில் சீரானதை 1989இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பு விவரிக்கிறது. ஒரே ஏற்பிக்காக மாத்திரையும் பாக்கும் மோதிக்கொண்டு பாக்கு வென்றது என்பதுதான் அதன் சாரம். வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் வெற்றிலை பாக்கை யாரும் சொல்ல மாட்டார்கள், நாமாகத்தான் கேட்க வேண்டும். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் உறுதியாக வகைப்படுத்தியிருப்பது தனிக்கதை. அதை இங்கே விரித்தால் வழி தவறும்.

அசிட்டைல்கோலின் எல்லை மீறினால் உடல் என்ன ஆகும் என்பதைப் பெகு வட்டாரத்து வயல்களில் காணலாம். நெல்லும், இந்தியாவுக்கு ஏற்றுமதியாகும் உளுந்தும் பயிரிடும் நம்மவர்கள் அங்கே நிறைய. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தைக் காற்றுக்கு எதிரே நின்று, முகத்தை மூடாமல், நனைந்த சட்டையோடு மணிக்கணக்கில் அடித்தால் அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். சுரந்த அசிட்டைல்கோலினை உடனுக்குடன் சிதைத்து அப்புறப்படுத்துவதற்கு ஒரு நொதி இருக்கிறது. பூச்சிமருந்து அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. பூச்சியைக் கொல்வதும் இதே வழியில்தான். சிதைக்க ஆளில்லாத அசிட்டைல்கோலின் எல்லா இடத்திலும் குவிகிறது. கண்ணீரும் எச்சிலும் வியர்வையும் ஒழுக, வாந்தியும் பேதியும் சேர, கண்மணி குண்டூசித் தலையளவு சுருங்கி, இதயம் மெதுவாகி, நுரையீரலில் நீர் கோத்து, தசைகள் துடித்துக் கடைசியில் ஓய்ந்துவிடும். தலைச்சுற்றல்தான், வெயில் பட்டிருக்கும் என்று வீட்டில் படுக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். கண்மணி சிறுத்து எச்சில் ஒழுகினால் அது வெயில் அல்ல. சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

அங்கே தருவது அட்ரோபின். மஸ்கரின் ஏற்பிகளில் போய் உட்கார்ந்து, குவிந்து கிடக்கும் அசிட்டைல்கோலினை அது அண்டவிடாது. அளவைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அறுவை சிகிச்சைக்கு முன் சாதாரணமாகத் தரும் ஊசி 0.6 மில்லிகிராம் அளவுதான். பூச்சிமருந்து நஞ்சுக்கு 1.8 முதல் 3 மில்லிகிராமில் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கொரு முறை இரட்டிப்பாக்கி, நெஞ்சில் நீரோசை அடங்கி இதயத் துடிப்பு ஏறும்வரை கொடுக்கும் முறை இப்போது பின்பற்றப்படுகிறது. அரக்கானுக்கு அந்தப் பக்கம் சிட்டகாங் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பழைய முறையையும் இந்த இரட்டிப்பு முறையையும் ஒப்பிட்டு 2012இல் வெளியிட்ட ஆய்வில், இறப்பு 22.5 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைந்தது. ஓய்ந்துபோன தசையை மட்டும் அட்ரோபினால் எழுப்ப முடியாது, ஏனென்றால் அங்கே இருப்பவை நிகோட்டின் வகை ஏற்பிகள். மூச்சுத் தசை ஓய்ந்தால் கருவிதான் மூச்சு விட வேண்டும்.

அட்ரோபினும் அதன் உறவினர்களும் நம் கோயில் வாசலிலேயே பூக்கின்றன. சிவனுக்குச் சாத்தும் ஊமத்தையின் இலை, பூ, விதை எல்லாவற்றிலும் அவை உண்டு. முள் நிறைந்த அந்தக் காயைப் பிளந்து விதையைத் தின்றுவிட்ட குழந்தைக்கு நடப்பது, வயலில் விழுந்தவருக்கு நடந்ததன் நேர் எதிர். வாய் வறண்டு, தோல் காய்ந்து சிவந்து, கண்மணி அகன்று, இதயம் ஓடி, சிறுநீர் நின்று, இல்லாத எதையோ காற்றில் பிடித்துக்கொண்டு பிதற்றும். இந்த இரண்டு நஞ்சுகளும் ஒன்றுக்கொன்று மாற்றாகலாம் என்பது 1864இலேயே தெரிந்துவிட்டது. பிராகா நகரச் சிறையில் சில கைதிகள் சாராயம் என்று நினைத்து அட்ரோபின் கரைசலைக் குடித்துவிட, கிளைன்வெக்டர் என்ற இளம் மருத்துவர் ஆப்பிரிக்கக் கலபார் அவரையின் சாற்றைக் கொடுத்து அவர்களைத் தேற்றினார். கலபார் அவரையில் உள்ள ஃபைசோஸ்டிக்மினும் பூச்சிமருந்தைப் போலவே அந்த நொதியைக் கட்டிப்போடுவதுதான், ஆனால் நிரந்தரமாக அல்ல. மூலிகை என்றாலே சாது என்று நினைப்பவர்களிடம் நான் ஊமத்தையைக் காட்டுவது வழக்கம்.

பரிவுப் பக்க மருந்துகளுக்கு வருகிறேன். சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுத்த ரெசர்பின் பரிவு நரம்பு முனைகளில் சேமித்திருக்கும் நார்அட்ரினலினைக் காலி செய்துவிடும். இரத்த அழுத்தம் இறங்கும், அதோடு மூக்கும் அடைத்துக்கொள்ளும். மூக்கடைப்பைத் திறக்கும் மருந்து இரத்த அழுத்தத்தை ஏற்றுவதும், இரத்த அழுத்தத்தை இறக்கும் மருந்து மூக்கை அடைப்பதும் ஒரே கதையின் இரண்டு முனைகள். இன்று ரெசர்பினை எழுதித் தருபவர் அரிது.

பீட்டா தடுப்பான்கள் அப்படி அல்ல, தினமும் விற்கின்றன. இதயத்தின் பீட்டா ஏற்பியை அடைத்துத் துடிப்பை நிதானப்படுத்துவது அவற்றின் நோக்கம். மூச்சுக்குழலைத் தளர்த்துவதும் பீட்டா வகை ஏற்பிதான், அதில் பீட்டா-2 என்ற உட்பிரிவு. இழுப்புக்கு உறிஞ்சும் சல்பியூட்டமால் அதைத் தூண்டுகிறது, புரோப்ரனலோல் அதையே அடைக்கிறது. ஆகவே ஆஸ்துமாக்காரர் புரோப்ரனலோலைத் தொடக் கூடாது என்பதை எல்லா மருத்துவரும் அறிவார்கள். கண் சொட்டு மருந்தை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கண் அழுத்த நோய்க்கு விடும் டிமோலாலும் ஒரு பீட்டா தடுப்பான்தான். கண்ணில் விட்ட சொட்டு கண்ணீர்க்குழாய் வழியே மூக்குக்கு இறங்கி, கல்லீரலைத் தொடாமல் நேரே இரத்தத்தில் சேர்கிறது. 0.5 சதவீதக் கரைசலின் ஒரு சொட்டில் ஏறக்குறைய கால் மில்லிகிராம் மருந்து உண்டு. இழுப்பு வர அது போதும். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்முனையை விரலால் ஓரிரு நிமிடம் அழுத்திக்கொண்டால் இறங்குவது குறையும். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்துகொண்டு இதை நான் விரலால் செய்து காட்டும்போது வெளியே வெற்றிலை மடிப்பவர் சிரிக்கிறார், ஆனால் வாங்கிப் போனவர்கள் மறப்பதில்லை.

இந்த மண்டலத்தில் எனக்கு மிகவும் பிடித்த புதிர் வியர்வை. வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பு பரிவு நரம்பு. விதிப்படி அதன் முனையில் நார்அட்ரினலின் சுரக்க வேண்டும். சுரப்பது அசிட்டைல்கோலின். இந்த ஒரு விதிவிலக்கினால் நடைமுறையில் விளைபவை இரண்டு, இரண்டும் எங்கள் ஊரில் உயிர் சம்பந்தப்பட்டவை.

முதலாவது, இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளி. சர்க்கரை இறங்கிப்போனால் உடல் பரிவு நரம்பு மண்டலத்தைக் கிளப்பிவிட்டு எச்சரிக்கை தருகிறது: கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். அவர் புரோப்ரனலோலும் சாப்பிடுபவராக இருந்தால் நடுக்கமும் படபடப்பும் பீட்டா ஏற்பி வழியே வருபவை என்பதால் மறைந்துவிடும். வியர்வை மட்டும் மறையாது, அது அசிட்டைல்கோலினின் பொறுப்பு. வீட்டுக்காரருக்காக எங்களிடம் மருந்து வாங்கும் ஒரு அக்காவிடம் இதை விளக்கி, "அக்கா, கை நடுங்கலையேன்னு இருந்துடாதீங்க, காரணமில்லாம சட்டை நனைஞ்சா உடனே இனிப்புத் தண்ணி குடுங்க" என்று சொல்லியிருந்தேன். ஒரு நாள் நள்ளிரவில் வீட்டுக்காரரின் தலையணை நனைந்ததைத் தொட்டுப் பார்த்தே, சர்க்கரை இறங்கியதை அந்த அக்கா கண்டுபிடித்துவிட்டார். நடுக்கத்தை எதிர்பார்த்திருந்தால் விடிந்துதான் தெரிந்திருக்கும்.

இரண்டாவது, ஏப்ரல் மாத வெயில். 2024 ஏப்ரல் 28ஆம் தேதி மக்வே பகுதியின் சௌக் நகரில் 48.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. அப்படிப்பட்ட நாளில் உடலைக் குளிர்விக்க வியர்வையை விட்டால் வேறு வழியில்லை. அசிட்டைல்கோலினை அடைக்கும் எந்த மருந்தும் வியர்வையையும் அடைக்கும். சளி மாத்திரையின் குளோர்ஃபெனிரமின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிஃபெனிடில், சிறுநீர் அடக்க முடியாதவர்களுக்கான ஆக்சிபியூட்டினின் என்று பட்டியல் நீளம். தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் சிறிய அளவு. ஒரே ஆள் மூன்றை ஒன்றாக விழுங்கினால் அவை கூடிக்கொள்கின்றன. மின்சாரம் போன மத்தியானத்தில் தகரக் கூரையின்கீழே வியர்க்காமல் படுத்திருக்கும் கிழவருக்குச் சூடு தலைக்கேறிப் புத்தி தடுமாறும்போது, வயதாகிவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். தோல் உலர்ந்திருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று யாரும் பார்ப்பதில்லை.

சில கடைகளில், பெயர் எழுதாத பல நிற மாத்திரைகளைக் கலந்து சின்னப் பொட்டலமாகக் கட்டி விற்கும் வழக்கம் இருக்கிறது. உடம்பு வலி, சளி, அசதி எல்லாவற்றுக்கும் ஒரே பொட்டலம். அதை நான் விற்பதில்லை, வாங்க வேண்டாம் என்றும் சொல்வேன். உள்ளே எது இருக்கிறது என்று தெரியாமல் மேலே சொன்ன எந்தக் கணக்கையும் போட முடியாது. மருத்துவர் எழுதித் தந்தாலும் கூட்டல் கணக்கு பிழைக்கக்கூடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: மறதி நோய்க்குத் தரும் டோனெபெசில் அசிட்டைல்கோலினைப் பெருக்குவது. அதனால் சிலருக்குச் சிறுநீர் அடக்க முடியாமல் போகும். அது புது நோய் என்று வேறொரு மருத்துவர் ஆக்சிபியூட்டினின் எழுதுவார், அது அசிட்டைல்கோலினை அடைப்பது. இப்போது ஒரே உடலில் ஒரு மாத்திரை பெருக்க, ஒரு மாத்திரை தடுக்க, நினைவு இன்னும் மங்கும். இரண்டு சீட்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பவர் எவரோ அவருக்குத்தான் இது தெரியும்; எங்கள் ஊரில் அது பெரும்பாலும் மருந்துக்கடைக்காரன்தான்.

கடைசியாக, புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசின். சிறுநீர் வாயிலை இறுக்கும் ஆல்ஃபா ஏற்பியை அடைத்து வழியைத் திறந்துவிடும் அருமையான மருந்து, முதலில் சொன்ன பெரியவர்கள் பலருக்கு உதவுவது. அதே ஆல்ஃபா ஏற்பி கண்மணியை விரிக்கும் தசையிலும் இருக்கிறது. கண்புரை அறுவையின்போது கண்மணி விரிந்து நிற்க வேண்டும். டாம்சுலோசின் சாப்பிட்டவர்களுக்கு அந்தத் தசை தொய்ந்து, அறுவை நடக்கும்போதே கண்மணி சுருங்கி, கருவிழிப்படலம் அலைபாய்வதை 2005இல் சாங், கேம்பெல் என்ற இரு கண் மருத்துவர்கள் முதன்முதலாக விவரித்தார்கள். முன்கூட்டியே தெரிந்தால் அறுவை மருத்துவர் அதற்கான கருவியையும் மருந்தையும் தயாராக வைத்துக்கொள்வார், பயப்பட ஒன்றுமில்லை. மாத்திரையை நிறுத்திப் பல மாதமான பிறகும் இந்தத் தொய்வு காணப்பட்டிருக்கிறது. ஆகவே கண்புரைக்குப் போகிறவர், சிறுநீருக்காக எப்போதோ சாப்பிட்டு நிறுத்திய மாத்திரையின் பெயரையும் எழுதிக்கொண்டு போய்க் கண் மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். பெயர் நினைவில்லை என்றால் பழைய அட்டையைக் கொண்டுவந்து எந்த மருந்துக்கடையில் காட்டினாலும் படித்துச் சொல்வார்கள்.